மூளைக்குள் கடற்குதிரை: ஒரு தாயின் கடிதத்துக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

நாகை மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு வயது 22, தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறாள். ஒன்றே கால் வயதில் கடும் காய்ச்சலோடு வந்த வலிப்பு முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அன்றிரவு மழையில் வண்டி கிடைக்காமல் மருத்துவமனை போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அதன் பிறகு பல வருடங்கள் ஒன்றும் இல்லை. 13 வயதில் வேறு மாதிரி தொடங்கியது. "அடிவயித்துலேர்ந்து என்னமோ ஏறி வருதும்மா" என்பாள். அடுத்த நொடி பார்வை நிலைகுத்தும். வாய் எதையோ மெல்லுவதுபோல் அசையும், இடது கை துணியைப் பிசையும், வலது கை விறைத்து முறுக்கிக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் பேச்சு வராது. மாதத்துக்கு மூன்று நான்கு தடவை இப்படி ஆகிறது.

மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். முதலில் கொடுத்த ஃபெனிடாயின் மாத்திரை ஈறு தடித்ததால் சில மாதங்களில் நிறுத்தப்பட்டது. இப்போது கார்பமசெபின் 200 மில்லிகிராம், காலையும் இரவும். நடவு நாட்களில் மாத்திரை தீர்ந்து மூன்று நான்கு நாள் விட்டுப்போவதும் உண்டு. அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "இடது ஹிப்போகேம்பஸ் சுருங்கியுள்ளது, டி2, ஃப்ளேர் படங்களில் வெண்மை கூடியுள்ளது, மீசியல் டெம்போரல் ஸ்க்லெரோசிஸ்" என்று இருக்கிறது.

உறவுக்காரப் பையன் செல்போனில் தேடி, ஹிப்போகேம்பஸ் என்ற சொல்லுக்குக் கடற்குதிரை என்று பொருள் சொல்லியிருக்கிறான். பட்டுப்புழு என்றும் ஏதோ போட்டிருந்ததாம். அதைக் கேட்ட ஒருவர் மூளையில் புழு என்றார். இன்னொருவர், கடற்குதிரை வற்றிப்போனதற்குக் கடற்குதிரைதான் மருந்து, காயவைத்துப் பொடித்துத் தேனில் 48 நாள் கொடுங்கள், அதுவரை இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் செய்தால் பெற்ற தாயையே மறந்துவிடுவாள் என்று பயமுறுத்தியவரும் உண்டு. பெயருக்கு என்ன அர்த்தம், பொடி கொடுக்கலாமா, ஆபரேஷன் செய்யலாமா, அன்றிரவு தாமதித்தது என் குற்றமா, இவளுக்குக் கல்யாணம் செய்யலாமா? இவை அந்தத் தாயின் கேள்விகள்.

முதலில் மாத்திரை

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. கார்பமசெபினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். ஒன்று முடியுமுன் அடுத்தது என்று தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த 48 நாள் யோசனையில் பொடியைவிட மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயம். நீங்களாக நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நிலை ஒன்றே ஒன்றுதான்: உடம்பில் தடிப்பும் கூடவே வாயில் புண்ணும் கண் சிவப்பும் வந்தால், மாத்திரையை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இந்த மருந்துக்கு அரிதாக வரும் கடும் ஒவ்வாமை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வருவது.

பெயர் எங்கிருந்து வந்தது

உறவுக்காரப் பையன் தவறாகச் சொல்லவில்லை. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை, 'காம்போஸ்' என்றால் கடல் விலங்கு. கிரேக்கர்களின் கடல் தெய்வமான பொசைடனின் தேரை இழுக்கும், முன்பாதி குதிரையும் பின்பாதி மீனுமான உருவத்துக்கு அந்தப் பெயர். உங்கள் ஊர் வலையில் எப்போதாவது சிக்கும் சின்னக் கடற்குதிரைக்கும் விலங்கியலில் அதே பெயர்தான்.

மூளைக்குள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் இத்தாலியில் பொலோஞா நகரத்து உடற்கூற்றியலாளர் ஜூலியோ சேசரே அரான்சி. ஆண்டு 1587. இறந்தவரின் மூளையை அறுத்து, அதற்குள் நீர் நிறைந்திருக்கும் பக்கவாட்டு அறை ஒன்றைத் திறந்தபோது அதன் தரையில் வெள்ளையாக, வளைந்து, தலைப்பக்கம் தடித்து வால்பக்கம் மெலிந்த ஒரு மேடு தெரிந்தது. அவர் கண்ணுக்கு அது கடற்குதிரைபோல் இருந்தது. வெள்ளைப் பட்டுப்புழு போலவும் இருந்தது. இரண்டையும் எழுதிவைத்தார். உங்கள் காதுக்கு வந்த புழுக் கதை முளைத்த இடம் இதுதான். அது உவமைக்குச் சொன்ன புழு.

எல்லோருக்கும் அந்த உவமை பிடிக்கவில்லை. 1732இல் பாரிஸில் இருந்த உடற்கூற்றியலாளர் வின்ஸ்லோ, இது ஆட்டுக்கடாவின் கொம்புபோல் இருக்கிறது என்றார். 1742இல் கரென்ழோ அதைப் பழைய எகிப்தின் கடாக்கொம்புத் தெய்வமான அம்மோனின் கொம்பு ஆக்கினார். அந்தப் பெயரும் சாகவில்லை. இன்றும் இந்தப் பகுதியின் உட்பிரிவுகளை சி.ஏ.1, சி.ஏ.2 என்று குறிக்கிறோம். அந்த இரண்டு எழுத்தும் லத்தீனில் 'அம்மோனின் கொம்பு' என்பதன் சுருக்கம். இன்னொரு விசித்திரமும் நடந்தது. 1779இல் மாயர் என்பவர் ஹிப்போகேம்பஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் ஹிப்போபொட்டமஸ் என்று எழுதிவிட்டார். அதாவது நீர்யானை. படித்தவர்களே அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 1829இல் புர்டாக் திருத்தும்வரை ஐம்பது ஆண்டுகள் மூளைக்குள் நீர்யானை இருந்தது.

இவ்வளவு பெயர் வைத்தார்களே, இந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலும்கூட இது மோப்பத்தோடு சம்பந்தப்பட்டது என்றுதான் பாடம் நடந்தது. புதிதாக நடப்பதை நினைவில் பதியவைக்கும் இடம் இது என்று உறுதியானது 1957இல். அரான்சி பெயர் வைத்து 370 ஆண்டுகள் கழித்து. ஆகவே பெயரில் இருப்பது அவர் கண்ட உருவம் மட்டுமே. அந்த உறுப்பு எதனால் ஆனது, எதைத் தின்றால் வளரும் என்ற செய்தி எதுவும் பெயருக்குள் கிடையாது.

நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. கும்பகோணம் வட்டாரத்தை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோய், கால் வீங்கிய தோற்றத்தால் அந்தப் பெயர் பெற்றது. காரணம் கொசு கொண்டுவரும் நுண்புழு. யானைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? புற்றுநோய் என்று நாம் சொல்வதை கிரேக்கர் நண்டு என்றார்கள். பார்த்தவர் கண்ணுக்கு ஓரிடத்தில் கறையான் புற்று, இன்னோரிடத்தில் நண்டுக்கால். உங்கள் மகளின் அறிக்கையில் அடுத்த வரியில் 'அமிக்டலா' என்று இருக்கிறதா பாருங்கள். ஹிப்போகேம்பஸுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் அந்த உறுப்புக்கு வாதுமைப் பருப்பு என்று அர்த்தம். வாதுமை தின்னலாம், உடம்புக்கு நல்லது. ஆனால் அதனால் அமிக்டலா பருக்காது.

கடற்குதிரைப் பொடிக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி இல்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. கடற்குதிரை இனங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பது, காயவைப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாக் நீரிணைக் கரையில் இதற்காகப் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கி அனுப்பும் பெரிய ஆட்கள் அல்ல, உங்களைப் போன்ற எளியவர்கள். வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

புழுவும் அல்ல

மூளையில் புழு என்ற பேச்சு முழுக்கக் கற்பனையும் இல்லை. நாடாப்புழுவின் முட்டை, சரியாகக் கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், மூளையில் சிறு கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். நம் நாட்டில் வலிப்புக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆனால் அது ஸ்கேனில் வளையமாக, நடுவே புள்ளி வைத்ததுபோல் தெரியும். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே யாராவது பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றால் கேட்காதீர்கள்.

அறிக்கை என்ன சொல்கிறது

மூன்று சொற்களையும் பிரித்துப் பார்ப்போம். 'டெம்போரல்' என்பது கன்னப்பொறிக்கு உள்ளே இருக்கும் மூளை மடல். 'மீசியல்' என்றால் அந்த மடலின் உட்பக்கம், நடுக்கோட்டை ஒட்டிய பக்கம். 'ஸ்க்லெரோசிஸ்' என்றால் இறுகிப்போதல். ஹிப்போகேம்பஸ் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றும் நாலைந்து சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 3 கன சென்டிமீட்டர் பருமன். உங்கள் மகளுக்கு இடது பக்கத்தில் நரம்பணுக்கள், குறிப்பாக சி.ஏ.1 பகுதியில், குறைந்து, அந்த இடத்தைத் தழும்பு போன்ற திசு பிடித்திருக்கிறது. அதனால் உறுப்பு சுருங்கியும், டி2, ஃப்ளேர் என்ற ஸ்கேன் பட வகைகளில் வெளுத்தும் தெரிகிறது. அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் தறிகெட்டு ஓடுவதுதான் வலிப்பு.

வயிற்றிலிருந்து ஏறி வருவது, வாய் மெல்லுவது, இடது கை பிசைய வலது கை முறுக்குவது, பிறகு பேச்சு வராமல் இருப்பது: நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் இடது கன்னப்பொறி மடலைத்தான் காட்டுகிறது. பேய் பிடித்தது என்று ஊர் சொன்ன அதே அடையாளங்களை வைத்துத்தான் மருத்துவர் இடத்தைக் குறிக்கிறார். இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியதற்கு நன்றி. அடுத்த முறை வரும்போது பக்கத்தில் இருப்பவரை முழுவதும் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்க்க வேண்டும். சாதாரண மூளை ஸ்கேனில் துண்டுகள் தடிமனாக இருக்கும். வலிப்புக்கென்று எடுக்கும் முறையில் ஹிப்போகேம்பஸின் நீளத்துக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகள் எடுப்பார்கள். உங்களுடையது எந்த முறை என்று அறிக்கையின் மேற்பகுதியில் இருக்கும். படத் தகட்டோடு சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனையில் சிடியைத்தான் பார்ப்பார்கள்.

மருந்து தோற்றுவிட்டதா?

"இரண்டு மருந்தும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. இரண்டு பொருத்தமான மருந்துகளைப் போதிய அளவில், விடாமல் எடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறோம். ஃபெனிடாயின் ஈறு தடித்ததால் நின்றது. அதைத் தோல்வி என்று எண்ணக் கூடாது. கார்பமசெபின் நாளுக்கு 400 மில்லிகிராம் என்பது வயதுவந்தவருக்குப் பெரும்பாலும் தொடக்க அளவு. பலருக்கு 800 முதல் 1,200 வரை தேவைப்படும். அதிலும் நடுவில் நாட்கள் விட்டுப்போகின்றன.

ஆகவே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ உங்களுக்கு அருகில் உள்ள நரம்பியல் மருத்துவரிடமோ போய், அளவை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டக் கேளுங்கள். தலைசுற்றல், இரட்டைப் பார்வை வந்தால் அளவு வேகமாக ஏறுகிறது என்று பொருள், சொன்னால் குறைப்பார்கள். சோடியம் குறைகிறதா என்று இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அது போதாவிட்டால் லெவடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற இரண்டாவது மருந்து. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் இதற்கு ஒரே வழி, நாட்காட்டியில் அந்தத் தேதியை முன்னதாகவே வட்டமிடுவதுதான்.

இதையும் சொல்ல வேண்டும்: இந்த வகைத் தழும்பு இருக்கும்போது மருந்தால் மட்டும் முழுவதும் நிற்பது பலருக்கு நடப்பதில்லை. அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே, அறுவை சிகிச்சை ஆலோசனைக்கும் இப்போதே பதிந்துவைப்பது நல்லது. ஒன்று முடிந்தபின் மற்றது என்று பத்து வருடம் காத்திருக்கிறார்கள். அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

ஆபரேஷன் செய்தால் உங்களை மறப்பாளா?

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது உண்மைக் கதை, ஆனால் பாதிதான். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குத் தீராத வலிப்பு. 1953இல் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸ் பகுதியையும் அகற்றினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பழைய வாழ்க்கையும் பெற்றோரும் நினைவில் இருந்தார்கள். காலையில் சந்தித்தவரை மாலையில் தெரியாது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பரிசோதித்து, ஸ்கோவிலோடு சேர்ந்து 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். நினைவைப் பதியவைக்கும் இடம் இது என்று உறுதியானதாக நான் மேலே சொன்னது அதனால்தான். மொலைசன் 2008இல் 82 வயதில் காலமானார்.

அந்த ஒருவரால் மருத்துவம் கற்றுக்கொண்டது இது: இரண்டு பக்கமும் எடுக்கக் கூடாது. இன்று ஒரு பக்கம் மட்டும்தான், அதுவும் மறுபக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று உறுதிசெய்த பிறகு. அதற்கு மூன்று நான்கு நாள் மருத்துவமனையில் தங்கவைத்து வீடியோவோடு இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னோட்டத்தைப் பதிவார்கள், உளவியலாளர் சில மணி நேரம் நினைவுத்திறனைச் சோதிப்பார்.

உங்கள் மகள் உங்களை மறக்க மாட்டாள். ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பெரும்பாலோருக்கு மொழி இடது பக்கத்தில் இருப்பதால், இடது பக்கம் எடுத்தால் ஆட்களின் பெயர், புதிய சொற்கள், படித்த பாடம் இவற்றை நினைவில் வைப்பது குறையக்கூடும். படித்தது நிற்கவில்லை என்று அவள் இப்போதே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே பழுதாகி வேலையை வலது பக்கம் ஏற்றிருந்தால், எடுப்பதால் இழப்பது குறைவு. நினைவுத்திறன் நன்றாக இருப்பவருக்குத்தான் இழப்பு அதிகம். இதைச் சோதனைதான் சொல்லும், ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. மேல்பார்வையில் வலது ஓரம் சற்றுக் குறைவதும் சிலருக்கு நேரும். தொற்று, இரத்தக்கசிவு ஆகியவை அரிது.

மறுதட்டில் வைக்க ஒரு கணக்கு. கனடாவில் 80 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்து, 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. நாகையிலிருந்து போய்வருவது சிரமம்தான். ஆனாலும் முதல் ஆலோசனைக்காவது போய்வருவது வீணாகாது. காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், சிடி, வீடியோ, மூன்று மாத வலிப்புக் குறிப்பு இவை கையில் இருக்கட்டும்.

அந்த இரவு

நீண்ட காய்ச்சல் வலிப்புக்கும் பிற்பாடு வரும் இந்தத் தழும்புக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அப்படி வலிப்பு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தழும்பு விழுவதில்லை. சிலருக்கு அந்த உறுப்பு பிறவியிலேயே பலவீனமாக இருந்து, அதனாலேயே வலிப்பு நீண்டது என்றும் இருக்கலாம். மழையில் வண்டி கிடைக்காத இரவில், மருந்தே கையில் இல்லாத ஒரு தாய் செய்யக்கூடியதை நீங்கள் செய்தீர்கள். அதைக் குற்றம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை.

இனி வரும்போது செய்ய வேண்டியது எளிது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மிடாசொலம் மருந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் ஊருக்கு அது அவசியம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அவள் தனியாகக் குளிக்கப் போக வேண்டாம், குளத்துக்கும் அப்படியே. இடுப்பளவுத் தண்ணீரே போதும், நினைவு தப்பினால். விறகடுப்பைவிட மூலையில் தள்ளி வைத்த எரிவாயு அடுப்பு பாதுகாப்பு. வண்டி ஓட்டுவது இப்போது கூடாது.

கல்யாணம்

செய்யலாம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் வழக்குக்கு இடமாகும் என்பது ஒன்று. மாமியார் வீட்டில் ஒளித்து மாத்திரை போட முடியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரியது. பேச்சு நடக்கும்போதே அறிக்கையைக் காட்டுங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லும் அளவில் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்தை யாராவது எழுதினால், மகளுக்குக் குழந்தை பெறும் வயது என்று சொல்லி, வேறு மருந்து கேளுங்கள். அதனால் பிறவிக் குறையும் குழந்தையின் அறிவு வளர்ச்சிக் குறையும் வருவது மற்றவற்றைவிட அதிகம். கருத்தடை மாத்திரை எடுத்தால், கார்பமசெபின் அதன் சக்தியைக் குறைத்துவிடும் என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி இரண்டு விஷயத்தையும் மகளிடமே நேரில் சொல்லிவிடுங்கள். 22 வயதில் தன் மருந்தின் பெயரும் அளவும் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.